சோப்பு டப்பா வெளிச்சம்

விடியற்காலை ஐந்து மணி. ஏகாம்பரம் குளித்துவிட்டு வந்த நேரம் பார்த்து வீட்டில் கரண்ட் போய்விட்டது. அவன் தீப்பெட்டியைத் தேடினான்.

“மெழுகுவத்தி எதுக்குங்க? நீங்க செஞ்ச லைட்டு கீதே!” என்றாள் கலைமதி.

ஏகாம்பரத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சோப்பு டப்பாவுக்குள் நாலு சிவப்பு எல்இடியும் பேட்டரியும் வைத்து அவன் செய்த விளக்கை, ஒரு மாதமாகக் குப்பை என்று திட்டியவள் இவள்தான்.

கரண்ட் அளக்கும் சின்ன மீட்டரை விளக்கில் மாட்டி, டப்பாவின் திருகை மெல்லத் திருப்பினான். “பத்து மில்லி ஆம்பியர் காட்டுது. இருபது வெச்சா இன்னும் பளிச்சுனு எரியும்.”

“வேணாங்க. ஜாஸ்தி ஏத்தினா எல்இடி கருகிடும்னு நீங்கதானே சொன்னீங்க? பத்தே போதும்.”

இத்தனை நாளும் பெண்டாட்டி காதில் வாங்கித்தான் இருக்கிறாள்! சிவந்த வெளிச்சத்தில் அவளே யூனிஃபாரத்தை மாட்டி, பித்தானும் போட்டுவிட்டாள்.

“இன்னிக்கி டெல்லி ஆபீசருங்க வராங்க. சட்டை சுத்தமா கீதா?”

“மல்லிப்பூ மாதிரி கீது. பஸ் வந்துடும், ஓடுங்க.”

தெருமுனையில் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும், கூட வேலை செய்யும் ரகு வாயைப் பிளந்தான். “இன்னாண்ணா, உனக்கு மட்டும் ரோஸ் கலர் யூனிஃபாரம் குட்த்துட்டாங்களா?”

ஏகாம்பரம் குனிந்து பார்த்தான். நேற்று இந்தச் சட்டையோடு சேர்த்துத் துவைத்து, கொடியில் சாயம் சொட்டக் காய்ந்துகொண்டிருந்த கலைமதியின் புதுச் சிவப்புப் புடவை ஞாபகம் வந்தது. சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளையும் ரோஸும் ஒரே மாதிரிதான் தெரியும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான்.

ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தான். தெரு முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் வீட்டில் மட்டும் இப்போதுதான் யாரோ ஃபியூஸைத் திரும்ப மாட்ட, லைட்டு பளிச்சென்று எரிந்தது.