வாயே திறக்காத வாத்தியார்

“வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம்!”

கனமான பையோடு உள்ளே வந்தவரைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள். மேஜையின் மறுகோடியில் இருந்த புரோகிராமர் எழவில்லை. சுவரைப் பார்த்தபடியே தலையை மட்டும் ஆட்டினான்.

அவள் டெஸ்டர். அவன் எழுதும் மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. ஆபீசில் முதுகுக்கு முதுகாக உட்காருகிறவர்கள்தான். ஆனால் மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது, எல்லாம் மெயிலில். திங்கட்கிழமை ஒரு ஆஸ்பத்திரிக்கு ஒப்படைக்க வேண்டிய வேலை பாதியில் நின்றது.

“பேசக் கத்துக்கிட்டு வாங்க. இல்லேன்னா ரெண்டு பேரையும் மாத்திடுவேன்” என்று மேனேஜர் இந்தப் பேச்சுப் பயிற்சிக்குத் துரத்தியிருந்தார்.

வந்தவர் பையைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“நானே சொல்லிடறேன் சார்” என்று அவள் முந்திக்கொண்டாள். “தப்பைத் தப்புன்னு சொன்னேன். அன்னிலேர்ந்து இவர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டார்.”

“நாப்பத்து மூணு தப்பு சார்! மெயில்ல மேனேஜருக்கும் ஒரு காப்பி வெச்சு அனுப்பினாங்க. ‘கவனக்குறைவு’ன்னு தலைப்பு வேற!”

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவள் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்து நெற்றியைச் சுருக்கினார். ஆழமாக யோசிக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“அந்த மெயில் வந்தப்போ நான் எங்க இருந்தேன் தெரியுமா சார்? பிரசவ வார்டு வாசல்ல. உள்ள என் பொண்டாட்டி கத்துறா, கையில இவங்க மெயில்!”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயோ, அன்னிக்கா? லீவுன்னு மட்டும்தானே போட்டிருந்தீங்க! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

மூன்று மாதத்தில் முதல்முறையாக அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான். வந்தவர் மறுபடி வாய் திறந்தார். இருவருமே கவனிக்கவில்லை.

“மன்னிச்சிருங்க. அதை நேர்ல வந்து சொல்லியிருக்கணும்.” அவள் குரல் இறங்கியது. “குழந்தை எப்படி இருக்கு?”

அவன் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து, போனில் படம் காட்டினான். “உங்களை மாதிரியேதான். சின்னத் தப்பு பண்ணினாலும் ஊரைக் கூட்டிடுவா.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அதே சூட்டில் லேப்டாப்பும் திறந்தது. நோயாளியின் பெயர் ஏன் இரண்டு தடவை பதிவாகிறது என்ற, அறுபது மெயிலில் தீராத சிக்கல், பத்தே நிமிஷத்தில் தீர்ந்தது.

அவள் நெகிழ்ந்துபோய்க் கைகூப்பினாள். “ஒரு வார்த்தை பேசாமலே எங்களைப் பேச வெச்சுட்டீங்களே சார்! எத்தனையோ வகுப்புக்குப் போயிருக்கேன், இப்படி ஒரு வாத்தியாரைப் பார்த்ததே இல்ல!”

அவர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார்.

“பேசி முடிச்சிட்டீங்கன்னா கொஞ்சம் தள்ளி உட்காருங்கம்மா... அந்த ஏசியைக் கழட்டணும்.”