இரண்டு திரைகள்

அடையாளம் தெரியாத பிணங்களைப் பற்றிய ஆவணங்கள் காவல்துறை அலுவலகக் கணினியில் பெருகிக்கொண்டே போயின. பழைய தேடல் திணறியது. எதை வாங்குவது என்று முடிவு செய்வதற்காக இளம்பரிதி இரண்டு புதிய தேடல் மென்பொருள்களை இரண்டு திரைகளில் ஓடவிட்டு அதிகாரிக்குக் காட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் தம்பியைக் காணோமென்று செண்பகவடிவு வந்தாள். சோதனைக்கு ஆள் கிடைத்த உற்சாகத்தில் அதிகாரியே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அடையாளம் சொல்லும்மா."

"அரைஞாண் கயித்துல சைக்கிள் சாவிய கட்டியிருப்பான் சார். வேற எங்க வச்சாலும் தொலைச்சிருவான்."

இளம்பரிதி இரண்டிலும் அதையே தட்டினான். விரலை எடுப்பதற்குள் இடது திரை, இல்லை என்றது. வலது திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"வேகம்னா இதுதான்யா," என்றார் அதிகாரி.

செண்பகவடிவு முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். இளம்பரிதி வலது திரையையே பார்த்தான். இடது பக்கத்தது நேற்று வரை வந்த ஆவணங்களை மட்டுமே படித்திருந்தது. இன்று காலை பிணவறையிலிருந்து வந்தவற்றை வலது பக்கத்தது மட்டும்தான் தாள் தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுதான் இல்லைன்னு சொல்லிருச்சே, இன்னொண்ணு எதுக்கு இன்னும் சுத்துது?" என்றாள் அவள். "இதையே வாங்குங்க தம்பி. இது நல்லாயிருக்கு."

பையை எடுத்துக்கொண்டு போய் வாசலில் செருப்பைத் தேடினாள். சக்கரம் நின்றபோது இளம்பரிதியின் உள்ளங்கை வலது திரையை மூடியிருந்தது.

"கைய எடுய்யா, பாப்போம்," என்றார் அதிகாரி.