கறுப்புச் சட்டைக் குழாய்

விளக்கு வைத்த நேரத்தில் சுவருக்குள் 'சரசர'வென்று ஒரு சத்தம். மூன்று நாள் குட்டிகளை அணைத்தபடி எட்டிப்பார்த்தாள் சுண்டெலி. அன்று ஏசிக்குப் போட்ட துளையில் கறுப்பாக ஏதோ நீண்டு கிடந்தது.

"ஐயோ, பாம்பு!"

"நான் செம்புக் குழாய் அக்கா. இது என் மேலே சுற்றின நுரைச் சட்டை. பாம்பு வெளியே ஏறிக்கிட்டிருக்கு. மெக்கானிக் என்னைச் சுற்றியிருக்கிற இடைவெளியை அடைக்காமலே போயிட்டார்."

"திறந்த வீட்டுக்கு வராவிட்டால் மரியாதையா?" என்று வெளியே ஒரு குரல் சீறியது.

சுண்டெலி குட்டிகளைப் பின்னால் தள்ளினாள். "ஓட்டையை அடைக்க உன் சட்டையைக் கொஞ்சம் கிழிச்சுக்கட்டுமா?"

"கிழிச்சா எனக்கு வியர்த்து, சுவரெல்லாம் ஒழுகும். மீந்த துண்டு கீழே கிடக்கு, பார்!"

பல்லால் இழுத்து வந்து இடைவெளியில் திணித்தாள். மறுபக்கம் பாம்பின் மூக்கு அதில் இடிபட்டது.

"சாரையாரே, இன்றைக்கு இங்கே விருந்து கிடையாது!" என்று கத்திச் சிரித்தவள், சிதறிக் கிடந்த நீளத் திருகாணி ஒன்றைக் குறுக்கே செருகி, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.