வாசலில் வேப்பிலை

வாசல் நிலையில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்தைப் பார்த்ததுமே அன்புக்கரசி டீச்சர் எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கை தானாகப் போய் ஐந்து மாத வயிற்றைப் பொத்திக்கொண்டது.

பயப்படாமல் என்ன செய்வாள்? அவளுடைய மூன்றாம் வகுப்பில் திலீபனுக்கு அம்மை முத்து போட்டு இன்றோடு பதினைந்து நாள். அன்றே அவனை வீட்டுக்கு அனுப்பி, பெஞ்சு, கதவு எல்லாம் துடைக்கச் சொல்லி, மற்ற பிள்ளைகளை வரிசையாக நிறுத்திச் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்து, அவள் படாத பாடு பட்டாள். சின்ன வயதில் அவளுக்கு அம்மை வந்ததே இல்லை. இப்போது வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்தாகலாம் என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார்.

வகுப்பில் வேறு யாருக்கும் வரவில்லை, தப்பித்தோம் என்று மூச்சு விட்ட நேரத்தில்தான் தமிழினி இரண்டு நாளாக வரவில்லை. டீச்சர் தோளில் சாய்ந்துகொண்டே வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை அது. போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. மனசு கேட்காமல், பள்ளி விட்டதும் பீங்கான் பொம்மைச் சூளைகள் இருக்கிற தெரு வழியாகத் தேடிக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் வெள்ளைத் தூசி. வேர்வையோடு ஒட்டிக் கழுத்தெல்லாம் அரித்தது.

தமிழினியின் அம்மா பாஞ்சாலை, களிமண் காயாத கையோடு வெளியே வந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலை மறித்துக்கொண்டு டீச்சரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தமிழினிக்கு எப்படிக்கா இருக்குது? மறைக்காம சொல்லுங்க, நான் மாசமா இருக்கேன்."

"அவளுக்கு என்ன டீச்சர், நல்லாத்தான் இருக்குறா."

அன்புக்கரசி நம்பவில்லை. அம்மை கண்ட வீட்டில் அதை யார்தான் வாயைத் திறந்து சொல்கிறார்கள்? அப்படியானால் இந்த வேப்பிலை எதற்கு என்று கேட்கும்போது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பெரிய மகளுக்குப் போன வாரம் பிள்ளை பிறந்திருக்கிறது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகிறது, பச்சைக் குழந்தைக்குக் காப்பாகச் செருகியது என்றாள் பாஞ்சாலை. தமிழினி தொட்டிலை விட்டு நகர மாட்டேன் என்கிறாளாம். அதற்குத் தகுந்தாற்போல் உள்ளே குழந்தை சிணுங்கியது.

அன்புக்கரசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குழந்தையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாள்.

பாஞ்சாலை வழிவிடவில்லை. கதவைப் பாதி சாத்தி, அதற்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"உள்ள வராதீங்க டீச்சர். ஒங்க கழுத்துல முத்து போட்டிருக்குது."