மலைக்கு முன் மாலை

"காட்டுல கொண்டுபோய் விட்டாத்தான் மேடம் இந்தத் தறுதலைக்குப் புத்தி வரும்!"

சிதம்பரம் அண்ணாமலை நகரில், மனநல ஆலோசகர் வெண்மதியின் அறையில் பாலகுமாரின் குரல் மின்விசிறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. திருப்பாதிரிப்புலியூரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவர் அவர். தறுதலை, அதாவது பிளஸ் ஒன் படிக்கும் மகன் ஹரிஷ், பக்கத்து நாற்காலியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் அம்மா மாலதி.

அந்த வருடத்தில் ஹரிஷ் இரண்டு முறை வீட்டை விட்டு ஓடியிருந்தான். முதல் தடவை பரங்கிப்பேட்டையில் பிடித்தார்கள். அடுத்த தடவை விழுப்புரம் ஜங்ஷனில். இன்னொரு தடவை ஓடினால் எங்கே போய்த் தேடுவது என்ற பயம்தான் பாலகுமாரை இங்கே இழுத்து வந்திருந்தது. வெண்மதியின் குழு கல்வராயன் மலையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு முகாம் நடத்துகிறது. போன் கிடையாது, கட்டில் கிடையாது. காட்டில் நடக்க வேண்டும், தானே சமைத்துச் சாப்பிட வேண்டும்.

"வேணாங்க," என்றாள் மாலதி. "பெத்தவங்ககிட்டகூடப் பேச விடமாட்டாங்களாம். ஏற்கெனவே ஓடுற புள்ள. நாமளே தொரத்திவிட்ட மாதிரி ஆயிடும்."

"இங்க மட்டும் பேசிக் கிழிக்கிறானா? என்ன கேட்டாலும் எரும மாதிரி நிக்கிறான். எல்லாம் நீ குடுக்குற செல்லம்."

"முகாமுக்கு வந்து தேறுனவங்களும் இருக்காங்க சார்," என்றார் வெண்மதி. "அனுப்பக் கூடாத புள்ளைய அனுப்பி, மனசு இன்னும் ஒடிஞ்சு போனதும் உண்டு. பாத்துத்தான் முடிவு பண்ணணும்."

"இவனப் பாத்தாலே தெரியலையா மேடம்?"

அந்த நேரம் கடையிலிருந்து போன் வந்தது. "மேல் ரேக்குல இருக்குடா. கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கத்திக்கொண்டே பாலகுமார் வெளியே போனார்.

அவர் திரும்பி வந்தபோது வெண்மதி சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த பேட்ச் தை மாசந்தான் சார். அதுக்குள்ள தம்பி வெறுங்கால்ல நடக்க, தரையில படுக்க, பச்சத்தண்ணியில குளிக்கப் பழகிட்டா நல்லது."

"கார்த்திகை பொறக்கப் போவுதே," என்றாள் மாலதி. "சபரிமலைக்கு மாலை போட்டுக்கட்டும்."

பாலகுமாருக்கு அது பிடித்துப்போயிற்று. சாமி பாதி திருத்தட்டும், மிச்சத்தைக் காடு பார்த்துக்கொள்ளும். ஹரிஷ் அம்மாவை ஒரு முறை பார்த்தான். "சரி," என்றான்.

கார்த்திகை முதல் நாள் பாடலீஸ்வரர் கோயிலில் குருசாமி மாலை போட்டுவிட்டார். மறுநாள் விடியலில் பாலகுமார் வழக்கம்போல் மகனின் போர்வையை உருவினார்.

"டேய், பொணம் மாதிரி..."

"ஏங்க! சாமியப் போயி!" சமையலறையிலிருந்து மாலதி பதறினாள்.

பாலகுமார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். "சாமி... எந்திரிங்க சாமி. குளிக்கணும்ல."

ஹரிஷ் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவரையே பார்த்தான்.

ஒரு நாள் இருட்டிய பிறகும் பையன் வீடு திரும்பவில்லை. பாலகுமார் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தார். ஒருவழியாக அவன் வந்து சேர்ந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "சாமி எங்க போயிருந்தீங்க?"

"சைக்கிள் செயின் அறுந்துடுச்சுப்பா. மஞ்சக்குப்பத்துலேர்ந்து தள்ளிக்கிட்டே வந்தேன்."

அவன் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி எவ்வளவோ காலமாகியிருந்தது.

"ஒரு போன் பண்ணக் கூடாதா சாமி? நான் வந்திருப்பேன்ல?"

"வருவீங்களாப்பா?"

"என்ன சாமி இப்படிக் கேட்டுட்டீங்க!"

மார்கழியில் ஹரிஷ் பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கே வந்து உட்கார ஆரம்பித்தான். கணக்கில் பெயிலானதை அவனே வந்து சொன்னான். "பொய் போச்சு, ஓட்டம் போச்சு. எல்லாம் மாலை பண்ற வேலை," என்று பாலகுமார் ஒயர் வாங்க வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். இருமுடி கட்டிய அன்று, வழக்கப்படி சாமியின் காலில் விழுந்து எழுந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தை பிறந்தது. மலைக்குப் போய்விட்டு வந்து மாலையைக் கழற்றிய மறுநாள் காலை அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். "மாலதி, அந்த மேடத்துக்குப் போன் போடு. புள்ள திருந்திட்டான், காடெல்லாம் வேணாம்னு சொல்லிடு."

மாலதி போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள். சட்டை மாட்டிக்கொண்டிருந்த பாலகுமாருக்கு ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது.

"அடியோட மாறிட்டாரு மேடம்!"

மாலையைக் கழற்றிய பிறகும் மகனுக்கு இத்தனை மரியாதையா என்று அவர் சிரித்துக்கொண்டார்.

"நீங்க சொன்னபடியே நாங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்கல மேடம். வைத்தியம் யாருக்குன்னு அவருக்கு இன்னும் தெரியாது. நேத்து மாலையக் கழட்டுனதும், திரும்பவும் 'டேய்'னு ஆரம்பிச்சுடுவாரோன்னு புள்ளைக்கும் எனக்கும் ஒரே பயம். காலையில அவன எழுப்பப் போனாரு மேடம்... 'சாமி, டீ ஆறுது, எந்திரிங்க'ன்னாரு!"