ஒன்றாம் நம்பர் வீட்டுக் குழாய்

"இன்னிக்கு அந்த டெய்லரம்மாவைக் காலி பண்ணச் சொல்லிட்டுத்தான் மறுவேலை!"

பிளம்பரை அனுப்பச் சொல்லிப் பேசிவிட்டு, போனை மேஜையில் வைத்த வேகத்திலேயே ஓனர் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"இப்ப என்னவாம்?" என்றாள் மனைவி.

"பாத்ரூம் குழாய் ஒழுகுதாம். போன மாசம்தான் அந்தக் குழாயை மாத்திக் கொடுத்தோம். அதுக்கு முன்னாடி தாழ்ப்பாள். இருக்கிறதே ரெண்டு கதவு, அதுக்கு மூணு தாழ்ப்பாள் வாங்கியாச்சு! வீட்டுக்குள்ள யானையா கட்டி வச்சிருக்கா?"

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. பேங்க் கடனில் வாங்கிய பழைய கட்டடம். ஒரே காம்பவுண்டில் வரிசையாக மூன்று சின்ன வீடுகள். வாடகை கைக்கு வந்த சூடு ஆறுவதற்குள் பேங்க் தவணையைப் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தை பிளம்பர் பிடித்துக்கொள்வார். ஓனர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. போன் வந்தால் பிளம்பரை அனுப்புவார். பிளம்பர் கேட்கிற பணத்தை அனுப்புவார். அத்தோடு சரி.

"மத்த ரெண்டு வீட்டையும் பாரு. ரெண்டாம் நம்பர்ல டிரைவர் குடும்பம், மூணாம் நம்பர்ல கைக்குழந்தையோட நர்ஸ். வந்ததுல இருந்து ஒரு புகார் உண்டா? எப்பக் கேட்டாலும் 'ஒரு குறையும் இல்லை சார்'. தங்கமான மனுஷங்க!"

"இருங்க, நானும் வர்றேன். எனக்கென்னமோ டெய்லரம்மாவும் பிளம்பரும் கூட்டு சேர்ந்துக்கிட்டு நம்ம தலையில மிளகாய் அரைக்கிறாங்கன்னு தோணுது."

டெய்லரம்மா கொடுத்திருந்த அட்வான்ஸை ஓனர் ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டார். கையோடு கொடுத்து அனுப்பிவிடுவதாக உத்தேசம்.

காம்பவுண்டுக்குள் நுழையும்போதே டங் டங்கென்று குழாயைத் தட்டும் சத்தம் கேட்டது. ஆனால் முதல் வீட்டிலிருந்து அல்ல, கடைசி வீட்டிலிருந்து.

ஓனர் எட்டிப் பார்த்தார். நர்ஸ் வீட்டு பாத்ரூமில் பிளம்பர் தொப்பலாக நனைந்து நின்றார். பக்கத்தில் நர்ஸ், இடுப்பில் குழந்தை, கையில் வாளி.

"யோவ், உன்னை ஒண்ணாம் நம்பருக்குத்தானே அனுப்பினேன்?"

பிளம்பர் ஸ்பானரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். "நம்பர் மாறிப்போச்சு சார்."

"எங்க வீட்ல ஒரு குறையும் இல்லை சார்!" என்றாள் நர்ஸ் அவசரமாக. கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டுதான் சொன்னாள்.

அதற்குள் கழுத்தில் அளவு நாடாவோடு டெய்லரம்மா ஓடிவந்தாள். டிரைவரும் வாசலுக்கு வந்துவிட்டார்.

"சார், அவங்களை ஒண்ணும் கேக்காதீங்க. போன் பண்ணது நான். திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

"அப்ப போன மாசக் குழாய்?"

"டிரைவர் வீட்டுக்கு சார்."

"மூணு தாழ்ப்பாள்?"

"அங்க ரெண்டு, இங்க ஒண்ணு."

"ஏன், அவங்களுக்கெல்லாம் வாய் இல்லையா?"

டிரைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எனக்கு முன்னாடி இருந்த குடும்பம் கூரை ஒழுகுதுன்னு சொன்னதுக்கு, 'ஒழுகுற வீட்ல ஏன் இருக்கீங்க, வேற வீடு பாத்துக்கங்க'ன்னு சொன்னீங்களாமே சார்."

சொன்னது உண்மைதான். தவணை கட்ட முடியாத எரிச்சலில் வாயில் வந்தது. அவர் அதை எப்போதோ மறந்துவிட்டார். காம்பவுண்டு மறக்கவில்லை.

"இவங்க பிள்ளைகுட்டிக்காரங்க சார்" என்றாள் டெய்லரம்மா. "காலி பண்ணணும்னா ஸ்கூல், வேலைன்னு எல்லாமே தலைகீழாயிடும். நான் ஒண்டிக்கட்டை. போன்னு சொன்னா மெஷினைத் தூக்கி வண்டியில போட்டுக்கிட்டுப் போயிட்டே இருப்பேன். அதான் எல்லார் வீட்டுக் குறையையும் என் வீட்டுக் குறையாவே சொல்லிக்கிட்டிருந்தேன்."

ஓனருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கையிலிருந்த உறையைச் சத்தமில்லாமல் பைக்குள் தள்ளினார்.

"டெய்லரம்மா நல்லவங்கன்னு நான் அப்பவே நினைச்சேங்க" என்றாள் மனைவி. மிளகாய் அரைத்த சமாசாரம் அதற்குள் மறந்துபோயிருந்தது.

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இங்க பாருங்க, குறை சொன்னதுக்காக இனிமே இங்கேர்ந்து யாரையும் போகச் சொல்ல மாட்டேன். சத்தியமா சொல்றேன். எதுவா இருந்தாலும் நேரா எங்கிட்டயே சொல்லுங்க."

டிரைவரும் நர்ஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சமையலறை ஜன்னல் சாத்த மாட்டேங்குது சார்!" என்றார் டிரைவர்.

"ஸ்விட்சைத் தொட்டா ஷாக்கடிக்குது சார்!" என்றாள் நர்ஸ்.

"படுக்கை ரூம் சுவரெல்லாம் ஈரம் சார்!"

"தண்ணித் தொட்டிக்கு மூடியே இல்லை சார்!"

தங்கமான மனுஷர்கள் இரண்டு பேரும் மூச்சுவிடாமல் அடுக்கினார்கள். பிளம்பரின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"ஐயா, ஒவ்வொண்ணா சொல்லுங்க! என் பேங்க்காரன் பொறுக்க வேணாமா?" ஓனர் தலையில் கை வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் குழந்தையும் சிரித்தது.

"டெய்லரம்மா, நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

"எனக்கென்ன சார், நல்லாத்தான் இருக்கு."

ஓனர் இந்த முறை கேட்டதோடு நிற்கவில்லை. நேராக முதல் வீட்டுக்குள் நடந்தார். தையல் மெஷினுக்குப் பின்னால் சொட்டு சொட்டென்று சத்தம். சமையலறைக் குழாயில் கலர் கலராக வெட்டுத்துணி சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. கீழே வாளி நிரம்பி வழியக் காத்திருந்தது.

"என்னம்மா இது? இத்தனை போன் பண்ணீங்களே, இதைச் சொல்லக் கூடாதா?"

டெய்லரம்மா வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளியபடி கூச்சத்தோடு சொன்னாள்.

"மாசம் ஒண்ணுக்கு மேல சொன்னா உங்களுக்குக் கோபம் வருமேன்னு வரிசையா சொல்லிட்டு வந்தேன். என் வீட்டு முறை இன்னும் வரலை சார்."