உன் கருத்து என்ன?

விசாவுக்கான ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் கணவனும் மனைவியும் ஒரே மேஜைக்கு வந்துவிட்டார்கள். விவாதிக்கக் கொடுத்த தலைப்பு, வெளிநாட்டில் வாழ்வது நல்லதா என்பது. நல்லதுதான் என்று சபாபதி திக்கித் திணறிச் சொல்லி முடித்தான். பிறகு, பயிற்சி வகுப்பில் பழக்கியபடி, அவள் பக்கம் முழுதாகத் திரும்பி, உள்ளங்கையை நீட்டி, உன் கருத்து என்ன என்று கேட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவன் எதற்கும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குப் போக விருப்பமில்லை என்று ஆரம்பித்த யமுனா, தன் வேலையையும் தங்கையையும் சொல்லி, அங்கே தனக்கு யார் இருக்கிறார்கள் என்பதுவரை ஆங்கிலத்தில் தடையில்லாமல் பேசினாள். அவன் தலையாட்டியபடி கேட்டான்.

வெளியே வந்ததும், "பின்னிட்டே போ! மறுத்துப் பேசினா மார்க் ஜாஸ்தின்னு ஞாபகம் வச்சிருந்தியே," என்றான். அத்தனையும் நிஜம் என்று தமிழில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அவனுக்கு மதிப்பெண் போதவில்லை. அவளுக்கு வந்ததை வைத்துத்தான் இருவருக்கும் விசா கிடைத்தது. அன்றைக்கு நாலு இடத்திலாவது திக்கியிருக்கலாம் என்று விமானத்தில் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு அவன் சொன்னான்: "உன்னாலதான் போறோம்."